ஹார்னஸ் போல்ட்டைப் பெரிதாக்கினால் போதுமா?

கேள்வி, 8 பிப்ரவரி 2025

"அண்ணா, லோட்டஸ் செவன் என்ற சின்ன, திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியில் நானும் ஒரு நண்பனும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கார் கட்டிக்கொண்டிருக்கிறோம். சட்டம் முழுக்க 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட மட்டும்தான். முன்கூட்டியே பார்க்க வந்த பரிசோதகர் எல்லாம் சரி என்றவர், சீட் பக்கம், ஆளைக் கட்டிப்போடும் பந்தய பெல்ட்டான ஹார்னஸ் மாட்டும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். 'ஹார்னஸ் பிடிமானம் போதாது, பலப்படுத்திட்டு வாங்க' என்று எழுதிக் கொடுத்துப் போய்விட்டார். இப்போது 7/16 அங்குல போல்ட் இருக்கிறது. அதை அரை அங்குல போல்ட்டாக மாற்றி, பின்னால் பெரிய வாஷர் போட்டால் போதுமா? மார்ச் கடைசியில் மறுபடியும் காட்ட வேண்டும்."

9 பிப்ரவரி, காலை 6.50

போதாது தம்பி. போல்ட்டை மாற்றவே வேண்டாம். அது ஏற்கெனவே தேவைக்கு மேல் பலமாக இருக்கிறது.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகளில் அப்பெண்டிக்ஸ் ஜே, 253ஆம் பிரிவு ஒரு கணக்கு சொல்கிறது. ஹார்னஸ் மாட்டும் இடம் 1470 டெக்காநியூட்டன் தாங்க வேண்டும், கால்களுக்கு நடுவே வரும் பட்டைக்கு 720. 1470 என்பது 14.7 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட ஒன்றரை டன். பழைய மாருதி 800 இரண்டைச் சேர்த்துத் தொங்கவிட்டாலும் அந்த எடை வராது.

எம்12 போல்ட், 8.8 கிரேடு, நேர் இழுவையில் சுமார் 49 கிலோநியூட்டன் வரை நீளாமல் நிற்கும். 7/16 போல்ட்டும் நல்ல கிரேடாக இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். அதனால் ஆபத்து போல்ட்டில் இல்லை, போல்ட் எதில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த 1.6 மி.மீ. சுவரில் இருக்கிறது. அரை அங்குலத்துக்குப் போனால் ஓட்டை இன்னும் பெரிதாகும், சுவரில் மிச்சம் இருக்கும் இரும்பு இன்னும் குறையும்.

தேர் இழுக்கும்போது வடத்தை எங்கே கட்டுகிறோம்? மேலே இருக்கும் அலங்காரச் சட்டத்திலா? அடியில், அச்சோடு சேர்ந்த கட்டையில்தானே. இதுவும் அதே மாதிரிதான்.

நட் குழாய்க்கு எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள்? தோள் பட்டை இரண்டும் ஒரே போல்ட்டிலா, தனித்தனியா? ஒரே போல்ட் என்றாலும் பரவாயில்லை. படம் எடுத்து அனுப்புங்கள்.

9 பிப்ரவரி, இரவு 10.15

காலையில் எழுதியதில் ஒன்று தவறு. இரண்டு பட்டையும் ஒரே போல்ட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்றேன். பரவாயில்லை இல்லை. தோள் பட்டை இரண்டையும் ஒரே இடத்தில் மாட்ட விதியே அனுமதிப்பதில்லை. மாட்டினால் இரண்டின் சுமையும் அங்கேயே சேர்ந்து 2940 டெக்காநியூட்டன் ஆகிவிடும். மூன்று டன். அவசரத்தில் எழுதிவிட்டேன், காலையில் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

படம் பார்த்தேன். நான் பயந்தபடியே இருக்கிறது. குழாய்ச் சுவரில் ஓட்டை போட்டு, வெளிப்பக்கமாக நட்டை வைத்துச் சுற்றிப் பற்றவைத்திருக்கிறீர்கள். வெல்டிங் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

10 பிப்ரவரி

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2022இல் என் காரும் இதே மாதிரிதான். நட்டைச் சுவரில் பற்றவைத்து, வழவழவென்று கிரைண்ட் பண்ணி, சாம்பல் பெயின்ட் அடித்திருந்தேன். ஒரு நாள் டிராக்கில் என் மச்சான் ஓட்டினார். வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் போட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் டயர் அடுக்கிய தடுப்பில் முட்டினார். முன்பக்கக் கூம்பு மட்டும் உடைந்தது. அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். கழுத்தெலும்புக்கு மேலே பெல்ட் தடம் சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மாலையில் காரைத் துடைக்கும்போது இடது தோள் பிடிமானத்தைச் சுற்றி ஒரு வட்டம் கண்ணில் பட்டது. தலைமுடி கனத்தில் பெயின்ட் வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் செதிலாக உதிர்ந்தது. நேர்கோலை வைத்துப் பார்த்தால் குழாயின் சுவர் நாலு மி.மீ. முன்னால் குவிந்து வந்திருந்தது. அந்த மெதுவான மோதலுக்கே நாலு மி.மீ. இன்னும் வேகத்தில் போயிருந்தால் நட் சுவரோடு பிய்ந்து வந்திருக்கும். தங்கையிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹலசூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்த வட்டத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 பிப்ரவரி

"பிளேட் போட்டால் போதாதா, விதியிலேயே இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதிதாகப் பிடிமானம் போடும் இடத்தில் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. கனமும் உள்ள இரும்பு பிளேட் வேண்டும் என்று விதியில் இருப்பது உண்மைதான். 80க்கு 50 மி.மீ. வெட்டினால் சரியாக 40 வரும். சாதாரணக் காரின் தரைத் தகட்டில் இது நன்றாக வேலை செய்யும், தகடு அகலமாக இருக்கிறது, சுமை பரவ இடம் இருக்கிறது.

செவன் மாதிரிச் சட்டத்தில் தரை என்பது குழாயில் ரிவிட் அடித்த அலுமினியத் தகடு. அதில் 40 இல்லை, 400 சதுர செ.மீ. பிளேட் வைத்தாலும் ரிவிட் வரிசையாகத் தெறிக்கும். பிளேட் குழாயோடு சேர வேண்டும், குழாய் கணுவோடு சேர வேண்டும். கணு என்றால் மூன்று நாலு குழாய் கூடும் இடம். இழுக்கிற விசை கடைசியில் அங்கே போய்ச் சேருகிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். நடுவழியில் விரல் நின்றுவிட்டால் அங்கேதான் உடையும்.

பிளேட்டின் மூலைகளை உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலை தகட்டைக் கத்தி மாதிரி வெட்டும்.

15 பிப்ரவரி, பீன்யாவிலிருந்து

இன்று நல்ல நாள். தம்பி காரைச் சின்ன லாரியில் ஏற்றி பீன்யாவில் நண்பரின் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டார். வெல்டர் அண்ணன் தர்மபுரிக்காரர், இருபது வருஷமாக இங்கேதான் இருக்கிறார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "சட்டம் நல்லா கட்டியிருக்கீங்க, சீட்டு மட்டும்தான் கவலையா இருக்கு" என்றார்.

வாயால் சொல்வதைவிட இழுத்துக் காட்டுவோம் என்று இரண்டு மாதிரித் துண்டு செய்தோம். இரண்டும் அதே 25 மி.மீ. குழாய். முதலாவதில் தம்பி செய்தது போலவே சுவரில் நட். இரண்டாவதில் குழாயின் இரண்டு சுவரையும் துளைத்து, நடுவே கனமான இரும்புப் புஷ் ஒன்றை, அதாவது தடித்த உருளைக் குழலை, ஊடே செருகி, இரு பக்கமும் சுற்றிப் பற்றவைத்தோம். புஷ்ஷுக்குள் மரை போட்டது.

பட்டறையில் கையால் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது, ராம், அதாவது எண்ணெய் அழுத்தித் தள்ளும் உருளை, விட்டம் 50 மி.மீ. பரப்பு 19.6 சதுர செ.மீ. அதனால் மீட்டரில் 75 பார் காட்டினால் சரியாக 14.7 கிலோநியூட்டன். கணக்கு இவ்வளவு நேராக அமைந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

முதல் துண்டு. 30 பாரில் சத்தமே இல்லை. 45இல் குழாயின் முகம் லேசாக உப்பியது. 60 பாரில் "டக்" என்று ஒரு சத்தம், முள் சரிந்தது. கழற்றிப் பார்த்தால் நட் முழுசாக இருந்தது, வெல்டிங்கும் முழுசாக இருந்தது. வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டிச் சுவர் மட்டும் அரைவட்டமாகக் கிழிந்து, இட்லித் தட்டுக் குழி மாதிரி வெளியே வந்திருந்தது. கேட்பது 75, வந்தது 60.

இரண்டாவது துண்டை 150 பார் வரை அடித்தோம். புஷ்ஷைச் சுற்றி ஒன்றும் ஆகவில்லை. குழாய்தான் மொத்தமாக வளைய ஆரம்பித்தது, அங்கே நிறுத்திவிட்டோம்.

தம்பி அந்தக் கிழிந்த துண்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

15 பிப்ரவரி, இரவு

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. பிரஸ்ஸில் இழுக்கும்போது முன்னால் தடுப்புத் தகடு வைத்திருந்தோம், பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. வீட்டில் ஜாக்கியும் சங்கிலியும் வைத்து இதைச் செய்து பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இது ஒரே ஒரு துண்டு. வேறு வெல்டர், வேறு குழாய் என்றால் 60 வேறாக வரும். அந்த எண்ணை எங்கேயும் எடுத்துப் போட வேண்டாம். சுவர் கிழிகிறது, நட் கிழிவதில்லை, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

17 பிப்ரவரி

தோள் பட்டைக்கு வருவோம். உண்மையான வேலை இங்கேதான்.

சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு குழாய் போட்டு அதில் மாட்டுவது வழக்கம். எஃப்.ஐ.ஏ. சொல்லும் அளவு 38க்கு 2.5 மி.மீ. அல்லது 40க்கு 2 மி.மீ., தையல் இல்லாத கோல்ட் டிரான் கார்பன் ஸ்டீல் குழாய். தம்பி 38 மி.மீ. குழாயே வாங்கிவைத்திருக்கிறார், சரி. ஆனால் அதன் இரு முனைக்கும் நடுவே 960 மி.மீ. வெறும் வெளி. ஓட்டுநர் பட்டைகள் வலது முனையிலிருந்து 165, 315 மி.மீ. தூரத்தில் வருகின்றன.

ஒவ்வொன்றிலும் 14.7 வைத்துக் கணக்குப் போட்டேன். வளைக்கும் திருப்புத்திறன் 4.7 கிலோநியூட்டன் மீட்டர் வரை போகிறது. அந்தக் குழாய் வளையாமல் தாங்குவது சுமார் 0.8. ஆறு மடங்கு வித்தியாசம். குழாய் சரியான அளவு, வாங்கிய இடம் நல்ல இடம், இருந்தும் அது வில்லாக வளைந்துவிடும்.

18 பிப்ரவரி

ஒரு இன்ஜினியர் நண்பர் தனியாக எழுதினார்: முனைகளைச் சும்மா தாங்கி நிற்பதாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாய், பற்றவைத்த முனை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும் என்று. சரிதான், அந்தக் கணக்கில் திருப்புத்திறன் குறையும். ஆனால் ஆறு மடங்கு குறையாது. அதோடு முனையில் இருப்பது நம்முடைய அதே 1.6 மி.மீ. குழாய், அதுவே திருகிக்கொள்ளும். முடிவு மாறவில்லை.

தீர்வு எளிது. ஒவ்வொரு பட்டையும் மாட்டும் இடத்துக்கு நேர் பின்னால் ஒரு சாய்வுக் குழாய், அதன் மறுமுனை பின் அச்சுக்கு மேலே இருக்கும் கணுவில். பட்டை முன்னால் இழுக்கும்போது அந்தச் சாய்வுக் குழாய் நீளவாக்கில் இழுபடும். மெல்லிய குழாய்கூட நீளவாக்கில் இழுத்தால் மலை மாதிரி நிற்கும். குறுக்கே வளைத்தால்தான் நாணல்.

22 பிப்ரவரி

கோணம். சீட் முதுகின் மேலிருந்து பின்னால் போகும் தோள் பட்டை கீழ்நோக்கி 45 டிகிரிக்கு மேல் சரியக் கூடாது, 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கீழே இழுக்கும் பட்டை மோதலில் தோளை அமுக்கி முதுகெலும்பை நசுக்கும். இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் காரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

தம்பி அளந்து அனுப்பினார்: தோளிலிருந்து 250 மி.மீ. பின்னால், 120 மி.மீ. கீழே. சுமார் 26 டிகிரி. விதிக்குள் இருக்கிறது, மனசுக்குள் இல்லை. குழாயை 80 மி.மீ. உயர்த்தினால் 9 டிகிரிக்கு வந்துவிடும் என்று எழுதினேன்.

23 பிப்ரவரி

பொறுங்கள், நேற்றுச் சொன்ன 80ஐ வெட்ட வேண்டாம்!

ராத்திரி படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. தம்பி அளந்தது சும்மா உட்கார்ந்து. சீட்டின் ஃபோம் அமுங்கவே இல்லை. காலையில் நேரே போய், ஹெல்மெட், சூட், ஷூ எல்லாம் போட்டு, இடுப்புப் பட்டையை இறுக்கி, பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி அளந்தோம். தோள் 25 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. 95 மி.மீ., 21 டிகிரி. இப்போது 55 மி.மீ. உயர்த்தினாலே 9 டிகிரி வந்துவிடுகிறது. 80 உயர்த்தியிருந்தால் வேறு யாராவது குள்ளமானவர் உட்காரும்போது பட்டை தோளை விட்டு மேலே எழும்பியிருக்கும்.

எந்த அளவையும் ஓட்டப்போகிற ஆள், ஓட்டப்போகிற உடையில், இறுக்கிக் கட்டிய பிறகு எடுங்கள்.

1 மார்ச்

போல்ட் கதை. ஊரில் ஒரு கடையில் 7/16 யு.என்.எஃப். (நுண்ணிய மரை) கேட்டு வாங்கிய பத்து போல்ட்டில் ஆறின் தலையில் ஒரு குறியும் இல்லை. எட்டாம் கிரேடு என்றால் தலையில் ஆறு கோடு இருக்கும், ஐந்தாம் கிரேடு என்றால் மூன்று. மொட்டைத் தலை என்றால் அது கதவுக் கீலுக்கு. திருப்பிக் கொடுத்துவிட்டேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் மாற்றித் தந்தார். எஸ்.பி. ரோட்டில் ஒரு மதியம் நடந்தால் நல்லது கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு தலையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கண் போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பட்டை இழுக்கும் திசையில்தான் போல்ட் நிற்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கழுத்தில் வளையும்.

சாலையில் ஓட்ட முடியுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இங்கே முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பையே மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைத் தனித்தனியாகச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் ஐ.வி.ஏ. என்ற முறை இருக்கிறது, அங்கேயும் பெல்ட் பிடிமானத்தைக் குடைந்து பார்ப்பார்கள். நமக்கு டிராக்தான்.

8 மார்ச்

வெல்டிங் முடிந்தது. பக்கத்து வீட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் மூன்று ஸ்ப்ரே டப்பா: துடைக்க ஒன்று, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. டை பெனிட்ரன்ட் சோதனை, கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாயத்தால் காட்டிக்கொடுப்பது.

வெல்டைத் துடைத்துச் சிவப்பை அடித்தார். காத்திருந்தார். டீ வந்தது, குடித்தார். சிவப்பைச் சுத்தமாகத் துடைத்து, வெள்ளையை மெல்லிசாகப் பூசினார். நாங்கள் எல்லோரும் குனிந்து நின்றோம். ஏழு இணைப்பு வெள்ளையாகவே இருந்தன. எட்டாவதில், இடது சாய்வுக் குழாயின் கீழ் முனையில், வெல்ட் முடியும் இடத்தில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. அரிசி நீளம் இருக்கும்.

வெல்டர் அண்ணன் முகம் வாடிவிட்டது. மாமா அவர் தோளில் கை வைத்து, "கண்ணுக்குத் தெரிஞ்ச விரிசல் நல்ல விரிசல் தம்பி" என்றார். அண்ணன் அங்கேயே கிரைண்டரை எடுத்து அந்த இடத்தை முழுசாகத் தோண்டி, மறுபடி பற்றவைத்து, மறுபடி சோதித்து, வெள்ளை வெள்ளையாக நின்ற பிறகுதான் சாப்பிடப் போனார். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு மடங்கானது.

11 மார்ச்

இடுப்புப் பட்டையைப் பற்றி நான் எழுதவே இல்லை என்று தம்பி நினைவூட்டினார். உண்மை.

பட்டை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், வயிற்றில் ஏறக் கூடாது. வயிற்றில் ஏறிய பட்டை உள்ளுறுப்பைக் கிழிக்கும். சீட்டின் பக்கச் சுவருக்கு மேலே போகாமல் சீட்டில் இருக்கும் துளை வழியே போக வேண்டும், துளையின் ஓரம் ஃபைபர் கத்தியாக இருந்தால் ரப்பர் ஓரம் போடுங்கள். ஹார்னஸைச் சீட்டிலோ சீட்டின் தாங்கியிலோ கட்டுவது கூடவே கூடாது. சீட் பிய்ந்தால் ஆளும் சேர்ந்து போவார்.

சீட்டுக்கு நாலு பிடிமானம், 8 மி.மீ. போல்ட், இரும்புத் தாங்கி என்றால் 3 மி.மீ. கனம். தம்பியின் காரில் இது முன்பே சரியாக இருந்தது.

16 மார்ச்

பெயின்ட் அடிக்காதீர்கள் என்று சொல்லியும் தம்பி அடித்துவிட்டார். நான் சொன்ன காரணம் வேறு, பரிசோதகர் வெல்டைப் பார்க்க வேண்டும் என்று. யோசித்துப் பார்த்தால் மெல்லிய வெளிர் நிறப் பெயின்ட் நல்லதுதான். 2022இல் என்னைக் காப்பாற்றியது அந்தப் பெயின்ட் வெடிப்புத்தானே. என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். தடிமனான பவுடர் கோட்டிங் மட்டும் வேண்டாம்.

29 மார்ச், இரவு

தம்பி போன் பண்ணினார். பரிசோதகர் குழாயைப் பிடித்து ஆட்டினார், டார்ச் அடித்துச் சாய்வுக் குழாயின் கீழ்முனை வரை போனார், கோணத்தை அளந்தார். தம்பி பையிலிருந்து அந்தக் கிழிந்த துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர் அதை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை எனக்குத் தரீங்களா, மத்தவங்களுக்குக் காட்டணும்" என்றாராம். கொடுத்துவிட்டார்.

பிடிமானம் எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுக்கு நிறுத்திவைத்திருக்கிறார்: பெல்ட்டில் தைத்த லேபிளில் போட்டிருக்கும் காலாவதி ஆண்டு போன டிசம்பரோடு முடிந்துவிட்டது. பழைய பெல்ட்டைக் குறைந்த விலைக்கு வாங்கியபோது யாரும் அதைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. புது பெல்ட்டுக்குச் சொல்லியாயிற்று. வந்ததும் தம்பியை மறுபடி உட்கார வைத்து, இறுக்கிக் கட்டி, கோணத்தை இன்னொரு முறை அளக்க வேண்டும். ஞாயிறு காலை பீன்யாவில் இருப்பேன்.